நர்சம்மா பதில்கள்: அட்டை எதற்கு, பரிசோதனை எங்கே?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி காப்பீட்டு அட்டையைப் பற்றித்தான். சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் நேரம். 'முழு உடல் பரிசோதனை' நோட்டீஸும் கூடவே ஊருக்குள் வந்துவிடுகிறது போல.

கேள்வி: என்னிடம் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஐந்து லட்சம் வரை இலவசம் என்றார்கள். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முழு உடல் பரிசோதனைக்குப் போனால், 'இதுக்கெல்லாம் அட்டை செல்லாது, பணம் கட்டுங்க' என்கிறார்கள். வெறும் வயிற்றோடு முதல் பஸ் பிடித்துப் போனவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு அட்டை எதற்கு?
— வாசகர், ஒரத்தநாடு

பதில்: அண்ணே, முதலில் எங்காவது இரண்டு இட்லி சாப்பிட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவர்கள் சொன்னது சரி. சொன்ன விதத்தை வேண்டுமானால் குறை சொல்லலாம்.

அந்த அட்டை, ஆஸ்பத்திரியில் படுக்கும்படி ஆகிவிட்டால் குடும்பம் கடனில் மூழ்காமல் இருப்பதற்காக வந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இதய அறுவை சிகிச்சை, சிறுநீரகம், புற்றுநோய் என்று பட்டியலில் இருக்கும் சிகிச்சைகளுக்குத்தான் அது செல்லும். சில ஸ்கேன்களும் சோதனைகளும்கூட அதில் உண்டு. ஆனால் நோய் இருக்கலாம் என்று டாக்டர் பார்த்து எழுத வேண்டும். 'எதற்கும் ஒரு தடவை பார்த்துக்கொள்வோம்' என்று நாமே போய் நின்றால் ஆகாது. சந்தேகம் வந்தால் பஸ் ஏறுவதற்கு முன் 1800 425 3993-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், காசு இல்லை.

நோய் வருமுன் பார்க்கும் சோதனைகள் வேறு வாசலில் கிடைக்கின்றன. அந்த வாசலில் அட்டையே கேட்க மாட்டார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 30 வயது தாண்டிய எவருக்கும் பிரஷர், சுகர் பார்ப்பார்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் புண், வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். நடவு ஆட்கள் பாதிப் பேருக்குக் கன்னத்தில் அந்தப் பொட்டலம் அதக்கியே இருக்கும், நான் பார்க்காததா? பெண்களுக்கு மார்பகம், கர்ப்பப்பை வாய் இரண்டிலும் புற்றுநோய் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எல்லாம் இலவசம். வருமானச் சான்றும் வேண்டாம், விஏஓ கையெழுத்தும் வேண்டாம்.

அங்கேயும் போக முடியவில்லை என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. தன்னார்வலப் பெண் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்ப்பார். ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு மாத்திரையும் கொண்டுவந்து கொடுப்பார். அவர் வரும்போது நாம் வயலில் இருப்போம், அதுதான் நம் பக்கத்துச் சிக்கல். எந்த நாள், எந்த நேரம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பரிசோதனை முடிந்ததும் சீட்டை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. பிரஷர் 140/90-ஐத் தொட்டால், அல்லது வெறும் வயிற்றில் சுகர் 126-ஐத் தொட்டால், அந்தச் சீட்டோடு திரும்பவும் டாக்டரிடம் போக வேண்டும். மூவாயிரம் கட்டி அறுபது சோதனை எடுத்து, ஒன்றையும் டாக்டரிடம் காட்டாதவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: எனக்கு வயது 43. எங்கள் ஊர் நர்ஸ் கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்கு வரச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, கூச்சமாகவும் இருக்கிறது. 'நல்லா இருக்கிற உடம்பை ஏன் கிளறணும்' என்கிறார் மாமியார். போகத்தான் வேண்டுமா?
— வாசகி, பாபநாசம்

பதில்: போங்கம்மா. முடிந்தால் மாமியாரையும் கூட்டிப் போங்கள்.

தமிழ்நாடு அரசு இந்தச் சோதனையை ஊர் ஊராக நடத்திப் பார்த்த முதல் இரண்டு மாவட்டங்களில் உங்களுடையதும் ஒன்று. 2007-ல் தஞ்சாவூரிலும் தேனியிலும் தொடங்கினார்கள். அப்போது நான் உங்கள் பக்கம்தான் வேலை பார்த்தேன். வீட்டுக்கு வீடு போய்க் கூப்பிட்டால், 'புள்ள பெத்து இருபது வருஷம் ஆச்சு, இப்ப எதுக்கு' என்று கதவைச் சாத்துவார்கள். ஒரு தெருவில் ஒருத்தி வந்துவிட்டால் போதும். அடுத்த வாரம் அவள் பேச்சைக் கேட்டு நாலு பேர் வருவார்கள். எங்கள் நோட்டீஸைப் பார்த்து யாரும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பாதிக் கூச்சம் போய்விடும். திரை போட்ட அறை, பெண் ஊழியர். படுக்க வைத்து, ஒரு கருவியால் உள்ளே தெரியும்படி விரித்து, வினிகரில் இருக்கிற அதே அமிலத்தைத் தண்ணீராகக் கலந்து பஞ்சால் தடவுவார்கள். லேசாக எரியலாம். ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். செல்கள் மாறியிருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். இல்லாவிட்டால் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு வர வேண்டியதுதான். மாதவிலக்கு நாளாக மட்டும் இருக்கக் கூடாது.

வெள்ளையாகத் தெரிந்தால் உடனே புற்றுநோய் என்று அழ ஆரம்பித்துவிடாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். கிருமித் தொற்றால்கூட அப்படித் தெரியும். நிஜமாகவே மாற்றம் இருந்தாலும், அது புற்றாக மாறப் பல வருடம் பிடிக்கும். அதற்குள் அந்த இடத்தை மட்டும் அகற்றிவிடலாம். தொந்தரவு வந்த பிறகு போனால் அந்த வசதி இருக்காது. மாதவிலக்கு நின்ற பிறகு, செல்கள் மாறக்கூடிய இடம் உள்ளே போய்விடுவதால், வினிகர் சோதனையில் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். ஆகவே 43 வயது சரியான வயது. ஒன்றும் இல்லையென்றால் அடுத்தது ஐந்து வருடம் கழித்துத்தான்.

மாமியாருக்கு வயதானபின் ரத்தப்போக்கு எதுவும் இருந்தால், அதைச் சூடு என்று சொல்லி மூடிவைக்காமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் சென்னையில் இருக்கிறான். எங்கள் இருவருக்கும் ஒரு தனியார் பாலிசி எடுத்திருக்கிறான். அதில் வருடாவருடம் இலவச செக்கப் உண்டு. 'போனீங்கன்னா சுகர் இருக்கிறது வெளியே வந்துடும், அப்புறம் கிளெய்ம் தர மாட்டான்' என்கிறார் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார்.
— வாசகி, மன்னார்குடி

பதில்: வாத்தியார் பயப்படும் அளவுக்கு இல்லை. 'முன்பே இருந்த நோய்' என்று கம்பெனி கணக்கில் எடுப்பது, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களில் டாக்டர் கண்டுபிடித்த அல்லது சிகிச்சை சொன்ன நோயைத்தான். பாலிசி எடுத்த பிறகு செக்கப்பில் தெரிய வருவது அதில் சேராது. முன்பே இருந்த நோய்க்கும், கிளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம்தான்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. பாலிசி எடுக்கும்போதே யாராவது சுகர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா? மகன் படிவத்தில் 'இல்லை' என்று போட்டிருந்தால் வம்பு அங்கேதான். இப்போதே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

இந்த இலவச செக்கப் எல்லா பாலிசியிலும் கிடையாது. எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி என்ற அடிப்படை பாலிசியில் ஆஸ்பத்திரியில் தங்கும் செலவுதான் முக்கியம். அதிலும் 5 சதவீதம் நம் கையிலிருந்து. வெறும் சோதனைக்காகப் போய்ப் படுத்தால் அந்தச் செலவைத் தர மாட்டார்கள். உங்களுடையதில் செக்கப் இருக்கிறது, விடாதீர்கள். மகன் பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர் என்றால், உங்களுக்காகக் கைக்காசு போட்டுச் செய்யும் பரிசோதனைக்கும் வரிக் கணக்கில் 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கட்டினாலும் செல்லும், ரசீது வேண்டும்.

கேள்வி: மகள் அமெரிக்காவில். அங்கே பரிசோதனை, தடுப்பூசியெல்லாம் இன்சூரன்ஸில் இலவசமாம். பிரசவத்துக்கு உதவப் போகிறோம். எங்களுக்கும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: 2010-ல் வந்த சட்டப்படி அங்கே பெரும்பாலான காப்பீடுகள் பிரஷர், கொலஸ்ட்ரால், மார்பகப் படம், தடுப்பூசி போன்றவற்றுக்குத் தனிக்காசு வாங்கக் கூடாது. அது மகளுக்கு. சோதனைக்குப் போன இடத்தில் 'முழங்காலும் வலிக்குது' என்று சொன்னால் அதற்குத் தனி பில் வரலாம் என்று அவருக்கே தெரிந்திருக்கும். நீங்கள் எடுத்துப் போகும் பயணக் காப்பீடு திடீர் நோய், விபத்து போன்றவற்றுக்குத்தான். செக்கப் அதில் வராது. ஆகவே எல்லாவற்றையும் கும்பகோணத்திலேயே முடித்துவிட்டு ஏறுங்கள். தங்கும் நாட்களுக்கும் மேலே ஒரு மாதத்துக்கும் சேர்த்து மாத்திரை வாங்கி, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். ஊறுகாய் பாட்டில் பெட்டியில் போகட்டும்.