ஒரு சிலை முன்னால் எத்தனை நேரம் நிற்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலை: போனோம், பார்த்தோம், வந்தோம், மனசில் ஒன்றும் நிற்கவில்லை என்று. அருங்காட்சியகம், கச்சேரி, கூத்து என்று இடம்தான் வேறு. முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். எனக்குக் கைகொடுத்த வழிகளைச் சொல்கிறேன்.

குடும்பத்தோடு எழும்பூர் அருங்காட்சியகம் போனோம். மூன்று மணி நேரத்தில் எல்லாக் கட்டடங்களையும் சுற்றிவிட்டோம். கால் வலிதான் மிச்சம். எப்படிப் பார்த்திருக்க வேண்டும்?
– இல்லத்தரசி, தாம்பரம்

1851இல் தொடங்கிய இடம் அம்மா அது. அமராவதிச் சிற்பங்கள், நாணயங்கள், திமிங்கலத்தின் எலும்புக்கூடு என்று அத்தனையையும் ஒரே நாளில் பார்க்க யாராலும் ஆகாது. அடுத்த முறை செப்புப் படிமங்கள் இருக்கிற கூடத்துக்கு மட்டும் போங்கள். அங்கேயும் ஒரே ஒரு சிலை போதும். (வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் ஏமாறாதீர்கள்.)

என் தேர்வு திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். பதினோராம் நூற்றாண்டு, சோழர் காலம். முதலில் கைகளை எண்ணுங்கள். மூன்றுதான் இருக்கும். சிவன் பக்கம் இரண்டு, அம்மை பக்கம் ஒன்று. எண்ணத் தொடங்கினாலே கண் விழித்துக்கொள்ளும். அப்புறம் ஆடையைப் பாருங்கள். வலப்பக்கம் தொடையோடு நின்றுவிடும், இடப்பக்கம் கணுக்கால் வரைக்கும் இறங்கும். இப்போது உங்கள் கையை முகத்துக்கு நேரே நீட்டி, சிலையின் ஒரு பாதியை மறைத்துக்கொண்டு மற்ற பாதியைப் பாருங்கள். வலப்பாதி ஆண், அதில் சந்தேகமே வராது. கையை மாற்றினால் இடப்பாதியில் இடுப்பு வளைந்து ஒரு பெண் நிற்பாள். கையை எடுத்துவிட்டால் ஒரே உடம்பு. அந்த இரண்டையும் சேர்த்த இடம் எங்கே என்று முதல் தடவை அரை மணி நேரம் தேடினேன். இன்று வரைக்கும் எனக்கு அகப்படவில்லை.

இந்தச் சிலை வார்த்த பழைய முறையில்தான் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் வார்க்கிறார்கள். ஓலையை மடித்து அளவு எடுத்து, மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சுடுவார்கள். மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறின பிறகு மண்ணை உடைப்பார்கள். அச்சு அதோடு போயிற்று. நீங்கள் பார்க்கிற சிலைக்கு இரட்டை கிடையாது. இது தெரிந்த பிறகு அந்த இடுப்பு வளைவை இன்னொரு தடவை பாருங்கள். மெழுகில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் போன பாதை அது.

பிள்ளைகளுக்கு ஆறு வயது, ஒன்பது வயது. அருங்காட்சியகத்தில் பத்து நிமிடத்தில் சலித்துவிடுகிறார்கள்.
– தகப்பனார், சேலம்

ஆளுக்கு ஒரு பென்சில், ஒரு நோட்டு. "இந்தக் கூடத்தில் உனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் வரை" என்று சொல்லிவிட்டு நகர்ந்து நில்லுங்கள். பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்லாதீர்கள், கேள்வி கேட்டுப் பரீட்சை வைக்காதீர்கள். என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், ஒரு நடராசர் படத்தை வைத்துக்கொண்டு காலடியில் கிடக்கிற முயலகனை மட்டும் வரைந்தான். "சார், இவன் வலிக்குதுன்னு அழவே இல்லை, மேலே பாக்கிறான்" என்றான். அதுவரைக்கும் நான் முயலகன் முகத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை. ஒரு மணி நேரம் ஆனதும், அவர்கள் இன்னும் வேண்டும் என்றாலும் கிளம்பிவிடுங்கள். அடுத்த வாரம் அவர்களே கூப்பிடுவார்கள்.

வேலை மாற்றலாகி மார்கழியில் சென்னைக்கு வந்திருக்கிறேன். கச்சேரி கேட்க ஆசை. ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் தொடையில் தட்டித் தலையாட்டும்போது கூச்சமாக இருக்கிறது.
– வங்கி ஊழியர், சொந்த ஊர் நாகர்கோவில்

கூச்சமே வேண்டாம் தம்பி. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த நான் முதல் கச்சேரி கேட்டபோது எனக்கு இருபத்தாறு வயது. ராகம் மெல்ல வரும், வராவிட்டாலும் கச்சேரி உங்களுடையதுதான்.

பெரிய சபாக்களிலேயே மதியக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. இளையவர்கள் உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள், கூட்டமும் இருக்காது. தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே போய், மிருதங்கக்காரர் கை தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலுக்குத் தொப்பி என்று பேர், அதில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவார். ரொட்டிக்கு மாவு தட்டுகிற மாதிரி இருக்கும். அடிக்குரலுக்குக் கனம் கொடுப்பது அதுதான். பிறகு ஒரு சின்னக் கல்லால் வலந்தலையின், அதாவது வலப்பக்கத்தின், விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்ப்பார். மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். தம்புராவோடு அது சேருகிற நொடி உங்கள் காதுக்கே தெரியும். தெரிந்துவிட்டதா? சரி, உங்களுக்குச் சங்கீதம் கேட்கத் தெரியும்.

ஒரே ஒரு தாளம் கற்றுக்கொள்ளுங்கள். ஆதி தாளம். உள்ளங்கையால் ஒரு தட்டு, அப்புறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டி ஒரு வீச்சு, மறுபடி தட்டி ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. பஸ்ஸில் போகும்போது போட்டுப் பழகுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் வாசிக்கிற பகுதி, தொடங்கினதும் சபையில் பலர் எழுந்து கேண்டீனுக்குப் போவார்கள். வருடா வருடம் என் மனசு நோகிற காட்சி அது. பல வருடம் விரல் தேய உழைத்த ஒருவர் தனியாக வாசிக்கக் கிடைக்கிற பத்துப் பதினைந்து நிமிடம், அப்போது முதுகைக் காட்டலாமா? நீங்கள் எழாதீர்கள். எட்டை எண்ணிக்கொண்டே இருங்கள். கடமும் சேர்ந்திருந்தால், ஒருவர் வாசித்ததை மற்றவர் வாங்கி வாசிப்பார். வரவர அளவு குறுகும். பாதி, அதில் பாதி என்று ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் ஒரே மூச்சாகிவிடுவார்கள். கடைசியில் ஒரு கோர்வை, அதாவது முடிப்புக்கான தாளக் கோப்பு, மூன்று தடவை வரும். மூன்றாவது முடிகிற இடத்தில் பாடகர் விட்ட வரியை எடுப்பார். உங்கள் விரலும் அந்த இடத்தில் வந்து சேர்ந்தால் உடம்பு சிலிர்க்கும். வராவிட்டால் மறுநாள் இன்னொரு கச்சேரி இருக்கிறது. கேண்டீன் அடை எங்கேயும் போய்விடாது, அதையும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

நிகழ்ச்சியை போனில் பதிவு செய்வது தவறா?
– கல்லூரி மாணவர், கோவை

பின்னால் இருப்பவருக்கு மறைக்கிறது, அது முதல் தவறு. போன வருடம் ஒரு நடன நிகழ்ச்சியில் எனக்கு முன்வரிசைக்காரர், அபிநயத்துக்கான மெதுவான பாட்டான பதம் முழுக்க, போனை உயர்த்திப் பிடித்திருந்தார். ஆடுகிறவரின் முகத்தை நான் அந்தச் சின்னத் திரையில்தான் பார்த்தேன். பதத்தில் புருவமும் கண்ணும்தானே பேசும்? போனைப் பைக்குள் வையுங்கள். வீட்டுக்குப் போய், நினைவில் நின்ற ஒரு அசைவைப் பற்றி நாலு வரி எழுதிப் பாருங்கள்.

சோழமண்டலத்துக்கு நண்பர்கள் அழைத்துப் போனார்கள். நவீன ஓவியம் எனக்குப் புரியவில்லை. ஒரு படத்தில் எழுத்து மாதிரி இருந்தது, அதையும் படிக்க முடியவில்லை.
– தையற்கலைஞர், திருவான்மியூர்

நீங்கள் படிக்க முயன்றீர்களே, அதுவே பெரிய விஷயம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், மாணவர்களோடும் நண்பர்களோடும் சேர்ந்து 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய ஓவியர் கிராமம் சோழமண்டலம். படம் விற்றுப் பிழைக்க முடியாத காலம். பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்ற பணம்தான் அவர்களுக்குக் கைகொடுத்தது. துணியில் மெழுகு தடவிச் சாயம் ஏற்றுகிற வேலை அது. துணியோடு பழகுகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பணிக்கர் பின்னாளில் 'சொற்களும் குறியீடுகளும்' என்று ஒரு வரிசை வரைந்தார். சாதகக் கட்டம் போலவும் ஏட்டுச் சுவடி போலவும் எழுத்து அடுக்கடுக்காக ஓடும், ஆனால் எந்த மொழியும் இல்லை. நீங்கள் பார்த்தது அந்த வகையாக இருந்தால், அது படிப்பதற்காக வரைந்ததே அல்ல. ஊர்ப் பெரியவர் வீட்டில் ஓலைச்சுவடியை முதன்முதலாகப் பிரித்துப் பார்க்கிற குழந்தை எப்படிப் பார்க்கும்? அப்படிப் பாருங்கள். அடுத்த முறை ஒரு படத்தின் முன் நின்று, "இதில் ஊசி முதலில் எங்கே இறங்கியிருக்கும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண் அங்கே போகும்.

சென்னையில் வளர்ந்தவள் நான். கல்யாணமாகிச் செய்யாறு பக்கம் வந்திருக்கிறேன். ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து. விடியவிடிய நடக்குமாம். என்னால் உட்கார முடியுமா?
– புது மருமகள், செய்யாறு வட்டம்

எங்கள் பக்கத்து மருமகளாகிவிட்டாய், இந்தப் பதிலை ஆசையோடு எழுதுகிறேன் அம்மா. புரிசை கண்ணப்ப தம்பிரான் ஆடிய மண் அது.

பகலில் தூங்கிவிடு. இரவு சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஒரு பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு மாமியாரோடு போ. கூத்து ஆரம்பிக்கும் முன்பு வேடம் கட்டுகிற இடத்தை எட்டிப் பார்க்க ஒரு வழி பண்ணு. காலையில் ஏர் ஓட்டினவர் கண்ணாடித் துண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் முகத்தில் அரிதாரம் பூசுவார். மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடத்தையும் புஜக்கீர்த்தியையும் இன்னொருவர் கயிறு இழுத்துக் கட்டுவார். சலங்கை கட்டி எழுந்து நின்றார் என்றால் அவர் துரியோதனன். பிறகு அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.

இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். முதலில் கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும், பாட்டு உள்ளே இருந்து வரும், திரை குலுங்கும். கட்டியங்காரன் வெளியே நின்று "யார் ஐயா நீர்?" என்று கேட்டு உன்னைச் சிரிக்க வைப்பான். இரண்டு மணிக்கு மேல் தூக்கம் வரும். தூங்கு, குற்றமில்லை. அரைத் தூக்கத்தில் காதில் விழுகிற முகவீணைக்கு, நாகசுரம் போன்ற அந்தச் சின்ன ஊதுகருவிக்கு, தனி ருசி. சின்ன வயதில் அம்மா மடியில் படுத்துக்கொண்டு நான் கேட்ட பாரதத்தில் பாதி அப்படிக் கேட்டதுதான்.

அர்ச்சுனன் தபசு அன்றைக்கு மட்டும் விழித்திரு. நட்டு வைத்த உயரமான மரத்தில், படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே அர்ச்சுனன் ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் பூவும் எறிவார். பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்பார்கள். முடிவில் படுகளம் வரும். தரையில் மண்ணால் துரியோதனனை ஆள் உயரத்துக்குப் பல மடங்கு பெரிதாகச் செய்து படுக்க வைத்திருப்பார்கள். வெயிலில், கூட்டத்துக்கு நடுவே, பீமன் தொடையைப் பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிவாள். அங்கே மேடையும் கிடையாது, பார்க்கிறவர் ஆடுகிறவர் என்ற வரப்பும் கிடையாது. துரியோதனனுக்காக ஒப்பாரி எழும்போது பக்கத்துப் பெண்களோடு நீயும் அழுதுவிடுவாய். வெட்கப்படாதே.

திருவையாறு ஆராதனைக்குப் போக வேண்டும் என்று நாற்பது வருட ஆசை. எனக்குப் பாட வராது. போய் என்ன செய்வது?
– ஓய்வுபெற்ற செவிலியர், கரூர்

போய் உட்காருங்கள். தியாகராஜர் 1847இல் சமாதியான புஷ்ய பகுள பஞ்சமி திதியில், காவிரிக் கரையில் பஞ்சரத்தினக் கிருதிகள் ஐந்தையும் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடுவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ராகத்துக்கு ஒன்று. புத்தகத்தை மடியில் வைத்து முணுமுணுக்கிறவர்களும் அங்கே உண்டு. முதல் நாளே ஊருக்குப் போய்த் தங்கிவிட்டால், விடிந்ததும் நல்ல இடம் கிடைக்கும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். சமாதி கவனிப்பார் இல்லாமல் கிடந்தபோது, தன் சொந்தச் சொத்தைப் போட்டு அங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அதே சமாதியின் முன்னால் பெண்கள் பாட அன்றைக்கு இடம் தரவில்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். பிரிந்து கிடந்த அணிகள் 1940களின் தொடக்கத்தில்தான் ஒன்றாயின. அவருடைய நினைவிடமும் அங்கேயே இருக்கிறது. கூட்டத்தோடு திரும்பிவிடாமல் அங்கேயும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

அப்பாவுக்கு 81 வயது. இசைப் பிரியர். முழங்கால் முடியவில்லை, சபாப் படி ஏற வராது. என்ன செய்யலாம்?
– மகள், மயிலாடுதுறை

உங்கள் ஊரில் இருந்துகொண்டு சபாவைத் தேடலாமா அம்மா? கோயில் உற்சவம் எப்போது, சாமி எந்தத் தெரு வழியாக வருகிறது என்று கேட்டு வையுங்கள். அன்றைக்குச் சாயங்காலம் தெருமுனையில் அப்பாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். சாமி புறப்படும்போது நாகசுரத்தில் மல்லாரி வரும், பெரும்பாலும் கம்பீர நாட்டையில். சொல்லே இல்லாத இசை அது. முதலில் தவில் மட்டும் கேட்கும், தூரத்தில் இருந்து. ஒரு சால்வையும் பிளாஸ்கில் வெந்நீரும் எடுத்துக்கொள்ளுங்கள், வீதியுலா எப்போதும் தாமதமாகத்தான் வரும்.