மாராமரோஷ் கல்யாண மெட்டுகள்

அன்புள்ள ஐயா,

நீங்கள் குறிப்பிட்டிருந்த ஹங்கேரியக் குழு ‘முஜிகாஷ்’ வெளியிட்ட யூத இசைத் தொகுப்பைக் கேட்டேன். மனசை என்னவோ செய்தது. ஆனால் ஒரு நெருடல். யூதர் வீட்டுக் கல்யாண இசையை ஜிப்சிக் கலைஞர்கள் வாசிக்கிறார்களே, இது இன்றைய கலப்பிசை மோகம்தானா?

பி., மதுரை

அன்புள்ள பி.,

இந்தக் கலப்பு ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்ததல்ல. கார்பேத்திய மலைப்பகுதியான மாராமரோஷில் ருமேனியர், ஹங்கேரியர், யூதர், நீங்கள் ஜிப்சி என்று சொல்லும் ரோமா எல்லோரும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தார்கள். கல்யாணங்களுக்கு வாசிப்பது பல ரோமா குடும்பங்களின் பரம்பரைத் தொழில். யார் வீட்டு விசேஷமோ அவர்களுடைய மெட்டு கைவசம் இருந்தாக வேண்டும்; இல்லையென்றால் மறுபடி கூப்பிட மாட்டார்கள். யூதர்களின் மெட்டுகள் ரோமா வயலினுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

1940-ல் அந்தப் பகுதி ருமேனியாவிடமிருந்து ஹங்கேரியின் கைக்குப் போனது. 1944 மே மாதம் ரயில்கள் கிளம்பின. இரண்டு மாதத்துக்குள் ஹங்கேரியிலிருந்து 4,30,000-க்கும் மேற்பட்ட யூதர்களை அனுப்பினார்கள், பெரும்பாலோரை நாஜிகளின் கொலைமுகாமான ஆஷ்விட்சுக்கு. அதே முகாமில் ரோமாக்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றி நாம் இன்னும் போதுமான அளவு பேசவில்லை என்பது என் வருத்தம்.

கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல ஆளில்லாத ஊர்களில் அந்த மெட்டுகள் கூலிக்கு வாசித்தவர்களின் நினைவில்தான் தங்கின. 1946-லேயே யூத இசையைச் சேகரித்த ஜோல்டான் ஷிமோன் என்ற இசையறிஞர் முஜிகாஷ் குழுவுக்குத் துணை நின்றார். போருக்கு முன் யூத விழாக்களில் வாசித்த இரண்டு முதிய ரோமா கலைஞர்களையும் குழு சேர்த்துக்கொண்டது: வயலினுக்குக் கியோர்கே கொவாச், தந்திகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் சிம்பலோமுக்கு ஆர்பாத் டோனி. தொகுப்பு 1993-ல் வந்தது. கொவாச்சை நான் இரவல் வாங்கி வாசிப்பவராகப் பார்க்கவில்லை. இளவயதில் கல்யாண வீடுகளில் வாசித்ததைத்தான் முதுமையிலும் வாசித்தார். இவர்கள் இல்லையென்றால் இவற்றில் பல நம் காதுக்கு எட்டியே இருக்காது.

மார்த்தா ஷெபெஷ்த்யேன் பாடும் சேவல் பாட்டை மறுபடி கேளுங்கள். காலோ ஊர் ரப்பி (யூத மதகுரு) ஒருவர் இடைச்சிறுவன் பாடியதைக் கேட்டு, காசு கொடுத்து அதை வாங்கிக்கொண்டார் என்று கதை. ஹங்கேரிய மொழிப் பாட்டுக்குள் ஹீப்ரு அடிகளும் வரும். பிறகு பாட்டில்லாத நடன மெட்டுகளுக்கு வாருங்கள். டோனியின் கைவேகம் அங்கேதான் தெரியும்.