பில்லில் 150 ஏ.ஹெச்., பேக்கப் பாதிதான்: வழக்குப் போடலாமா?

கேள்வி: ஏற்காட்டில் மூன்று அறை ஹோம்ஸ்டேயை நானும் கணவரும் நடத்துகிறோம். ஓராண்டுக்கு முன் சேலத்தில் ஒரு கடையில் 330 வாட் சோலார் பேனல் இரண்டு, எம்.பி.பி.டி. (பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் வகை) இன்வெர்ட்டர், 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி இரண்டு வாங்கினோம். எட்டு மணி நேரம் நிற்கும் என்றார்கள்; 300 வாட் லோடுக்கு நாலு மணி நேரம்கூட வருவதில்லை. கேட்டால் "மலையில வெயில் இல்லம்மா, சார்ஜே ஏறலை" என்கிறார் கடைக்காரர். பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சிட்டிருக்கிறது. வழக்குப் போடலாமா? சேலத்தில் என் தம்பியும் வாங்கப் போகிறான். அவன் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: போடலாம். அதற்கு முன் உங்கள் புகார் எண்களாக மாற வேண்டும். "பேட்டரி மட்டமானது" என்பதை எந்த நுகர்வோர் ஆணையமும் அளக்க முடியாது.

முதலில் பில்லையும் பேட்டரி ஸ்டிக்கரையும் பாருங்கள். 150க்குப் பக்கத்தில் சி10 என்று இருந்தால், 15 ஆம்பியர் வீதம் பத்து மணி நேரம் தர வேண்டும். சி20 என்று இருந்தால் ஏழரை ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம். அதைப் பத்து மணி நேர வேகத்தில் இறக்கினால் ஏறக்குறைய 120தான் தேறும். ஸ்டிக்கரில் சி20 இருக்க, சி10 என்று வாயால் மட்டும் சொல்லி விற்றிருந்தால் உங்கள் கை கொஞ்சம் தாழும். ஆனாலும் நாலு மணி நேரம் என்பது சி20 கணக்குக்கும் மிகக் குறைவு.

கடைக்காரர் சொல்லும் காரணம் முழுப் பொய் அல்ல. பனிமூட்ட நாட்களில் பேனல் கொஞ்சம்தான் தரும். ஆகவே வெயிலைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஈ.பி. கரண்டில் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை வையுங்கள். 27 டிகிரியில் 1.240 பக்கம் காட்ட வேண்டும். ஏற்காட்டுக் குளிரில் ரீடிங் சற்றுக் கூடுதலாகவே காட்டும் என்பதால் ஆசிட்டின் வெப்பநிலையையும் எழுதுங்கள். ஐந்து செல் 1.240இல் இருக்க ஒன்று மட்டும் 1.180இல் நின்றால், அதற்கு வெயிலைக் குறை சொல்ல முடியாது.

பிறகு ஈ.பி.யை நிறுத்தி, பேனலையும் கழற்றிவிட்டு, 300 வாட் லோடு கொடுங்கள். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 15 ஆம்பியர் போகும். அதுதான் சி10 வேகம். குளிருக்குக் கழித்தாலும் நல்ல சி10 பேட்டரி எட்டு மணி நேரத்தைத் தாண்டும். அரை மணிக்கு ஒரு தரம் இரண்டு பேட்டரியின் வோல்டேஜையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஒன்று மட்டும் முன்னதாக 10.8 வோல்ட்டுக்கு விழுந்தாலும் இரண்டையும் மாற்றித் தரச் சொல்லுங்கள். பழையதோடு புதியதை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து) போட்டால் புதியதும் சீக்கிரம் கெடும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் தாளில் சீரியல் எண்களோடு கையெழுத்திடட்டும். "ஆசிட் ஊத்தினா சரியாயிடும்" என்பவரைப் பக்கத்தில் விடாதீர்கள். வாரண்டியும் போகும், சாட்சியமும் போகும்.

இன்வெர்ட்டரையும் சோதித்துவிடுங்கள். நடுப்பகலில், பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது, லோடும் ஈ.பி.யும் நிறுத்தி, பேனல் வயரிலும் பேட்டரி வயரிலும் டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரை வையுங்கள். இரண்டிலும் ஒரே ஆம்பியர் என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் பி.டபிள்யூ.எம். என்ற சாதாரண வகைதான். உண்மையான எம்.பி.பி.டி.யில் பேனலில் 8 ஆம்பியர் வந்தால், 24 வோல்ட் பேட்டரிக்கு 10க்கு மேல் போகும். பில்லில் எம்.பி.பி.டி. என்று எழுதி வேறொன்றைத் தந்திருந்தால் அது நேர்மையற்ற வணிக நடைமுறை. பேட்டரி வழக்கைவிட இதை நிரூபிப்பது சுலபம்.

இனி சட்டம். "ஹோம்ஸ்டே வணிகம், நீங்கள் நுகர்வோரே அல்ல" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக வரும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(7), சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிய பொருளை வணிக நோக்கமாகக் கருதாமல் விலக்கு தருகிறது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்த உரிமை போய்விடாது என்று லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லியிருக்கிறது. "நாங்களே நடத்துகிறோம், இதுவே பிழைப்பு" என்ற வரியை மனுவிலேயே எழுதுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். "திரும்பப் பெறப்படாது" என்ற அச்சு, பழுதான பொருளை ஏற்க மறுப்பதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது.

ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு கடைக்கும் தயாரிப்பாளருக்கும் நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் கொடுங்கள். பிறகு சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். செலுத்திய விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வழக்குக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் பிரிவு 38இன்படி ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு அனுப்பும்; அறிக்கைக்கு 45 நாள். அந்தக் கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். இடையில் "கடையில விட்டுட்டுப் போங்க, பாத்து வைக்கிறோம்" என்றால், சீரியல் எண் எழுதிய ரசீது இல்லாமல் பேட்டரியைக் கொடுக்காதீர்கள்.

தம்பிக்கு: ஜி.எஸ்.டி. பில்லில் ஏ.ஹெச்., சி10, பேட்டரி சீரியல் எண், இன்வெர்ட்டர் மாடல், எம்.பி.பி.டி., தொடர்ந்து தரும் வாட் எல்லாம் எழுதி வாங்கட்டும். 1500 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்றால் பெரும்பாலும் 1200 வாட்தான். தயாரித்து ஆறு மாதம் தாண்டி, சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி வேண்டாம். ஆசிட் நிரப்பிய எடையைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்து, தராசில் ஏற்றச் சொல்லட்டும்; பல கிலோ குறைந்தால் உள்ளே ஈயம் குறைவு என்றே சந்தேகப்பட வேண்டும். இன்வெர்ட்டரில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருந்தால் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டு, மாடல் பொருந்துகிறதா என்று பார்க்கட்டும். "60 மாத வாரண்டி" பல கார்டுகளில் 36+24 என்று இருக்கும். பின்னால் வரும் 24 மாதம் இலவச மாற்று அல்ல, புதிய பேட்டரி விலையில் தள்ளுபடி மட்டுமே. கார்டில் எத்தனை டிகிரி வரை வைக்கலாம் என்பதையும் படிக்கட்டும். சேலம் கோடையில் தகர ஷெட்டுக்குள் வைத்த பேட்டரிக்கு வாரண்டி கேட்டால், கம்பெனி முதலில் காட்டுவது அந்த வரியைத்தான்.