ஜாய் டிவிஷன் பாடல்களை இன்றும் ஏன் கேட்கிறார்கள்?

கறுப்பின்மேல் வெள்ளை மலைமுகடுகள் போன்ற கோடுகள் கொண்ட டி-ஷர்ட்டைக் காட்பாடிக் கல்லூரி மாணவர்களிடமும் பார்க்கலாம். ஒரு துடிப்பு விண்மீனின் ரேடியோ அலை வரைபடம் அது. ஜாய் டிவிஷன் என்ற ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தின் அட்டைப்படம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் 1976இல் உருவான குழு இது. இவர்களின் இசையைப் 'போஸ்ட் பங்க்' என்பார்கள்: பங்க் என்ற வேகமான, கரடுமுரடான ராக் இசையின் எளிமை இருக்கும், கூச்சல் குறைந்து இருள் கூடியிருக்கும். பாடகர் இயன் கர்ட்டிஸ் வலிப்பு நோயால் அவதிப்பட்டார்; 1980 மே மாதம், 23 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஈர்ப்பின் காரணம் இசையின் அமைப்பிலேயே இருக்கிறது. டிரம்ஸ் இயந்திரம்போல் நிற்காமல் அடிக்கிறது. பின்னணியில் முனக வேண்டிய பேஸ் கிட்டார் மேல் ஸ்வரங்களில் ஏறி, மெட்டையே சுமக்கிறது. நடுவில் விடப்பட்ட வெற்றிடத்தில் அந்தக் கனத்த குரல். அது அழுவதில்லை; நடந்ததைச் சொல்கிறது, அவ்வளவுதான். அழ வேண்டிய இடத்தைக் கேட்பவருக்கு விட்டுவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை இதுதான் அவர்களின் பெரிய சாதனை.

வட ஆற்காட்டில் சாவு வீட்டுக் காரியத்தின்போது கர்ண மோட்சம் கூத்து வைப்பார்கள். கர்ணன் சாவான் என்று தெரிந்தும் ஊரே விடியவிடிய உட்கார்ந்திருக்கும். துக்கத்துக்குத் துணை கிடைக்கிறதல்லவா, அந்தத் துணையைத்தான் இந்தப் பாடல்களும் தருகின்றன.

பாடகர் இறந்ததால்தான் புகழ் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1979இல், அவர் மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே, முதல் ஆல்பத்தை விமர்சகர்கள் பாராட்டியிருந்தார்கள்.