கேமிங் யூடியூபர் வெறுப்பு அரசியலுக்குள் போவது எப்படி? வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

சத்துவாச்சாரியில உட்கார்ந்து கேமிங் சேனல்களுக்கு வீடியோ எடிட் பண்ணித் தர்றதுதான் என் பிழைப்பு. கேமிங் வீடியோ போடறவங்கள்ல சிலர் போகப் போகத் தீவிர வலதுசாரி அரசியல் பேச ஆரம்பிச்சிடறாங்களே, ஏன்னு நம்ம பக்கத்து ஆளுங்க நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எல்லாத்துக்கும் இங்கேயே பதில் சொல்றேன். ஏதோ ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடறவங்களை நான் தீவிர வலதுசாரின்னு சொல்லலை. ஒரு மதத்துக்காரங்களோ, வேற இனத்தவங்களோ, பெண்களோ நமக்குச் சமமில்லை, நம்ம கஷ்டத்துக்கு அவங்கதான் காரணம்னு சொல்ற அரசியலைச் சொல்றேன். உள்ளூர் சேனல் பெயர் மட்டும் கேட்காதீங்க.

குடியாத்தம், ஒரு அம்மா: பையன் பத்தாவது படிக்கிறான். எந்நேரமும் ஃப்ரீ ஃபயர் வீடியோதான். இப்ப கூடப் படிக்கிற பசங்களை மதத்தை வச்சு அசிங்கமாப் பேசறான். கேம் ஆடித்தான் இப்படி ஆயிட்டானா?

இல்லைங்க அக்கா. ஃப்ரீ ஃபயர்ல மதமும் கிடையாது, சாதியும் கிடையாது. 50 பேர் குதிப்பாங்க, கடைசியா நிக்கிறவன் ஜெயிப்பான், அவ்வளவுதான். பையன் இதைக் கத்துக்கிட்டது ஆட்டத்துக்கு நடுவுல ஓடற பேச்சுல இருந்து.

ஒரு லைவ் எப்படி நடக்குதுன்னு சொல்றேன். மேட்ச் முடிஞ்சா அடுத்த மேட்சுக்கு லாபியில காத்திருக்கணும். திரையில ஒண்ணும் நடக்காது. பேசித்தான் ஓட்டணும், இல்லைன்னா பார்க்கிறவன் போயிடுவான். அந்த நேரம் பார்த்து ஒருத்தன் 40 ரூபாய் சூப்பர் சாட் போட்டு, "அண்ணா, அந்த ஊர்க் கலவரத்தைப் பத்தி உங்க கருத்து என்ன?"ன்னு கேட்பான். காசு கொடுத்துக் கேட்ட கேள்வி, கலர் கட்டத்துல வந்து நிக்கும், படிக்காம இருக்க முடியாது. இவரும் வாய்க்கு வந்ததைச் சொல்வார். சாட் பொங்கும். மறுநாள் அந்த நாலு மணி நேர வீடியோ என்னை மாதிரி எடிட்டர் கைக்கு வரும். எந்த இடத்துல ஆளுங்க நின்னு பார்த்தாங்க, எங்க விட்டுட்டுப் போனாங்கன்னு ரிடென்ஷன் கிராஃப் காட்டிடும். ஆடற நேரம் பூரா கோடு சரிஞ்சுக்கிட்டே வரும், அவர் கத்தின இடத்துல மட்டும் எழும்பி நிக்கும். "அதை வெட்டி ஷார்ட்ஸ் போட்டுடுங்க"ன்னு எனக்கு மெசேஜ் வரும். உங்க பையன் பார்க்கிறது அந்த ஷார்ட்ஸைத்தான்.

அடுத்த வாரம் எதைப் பேசினா கோடு ஏறும்னு அவருக்கே தெரிஞ்சிடும். ஆரம்பத்துல பல பேருக்குக் கொள்கைன்னு எதுவும் இருக்காது. தினமும் கைதட்டு வாங்கித் தர்ற பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசிப் பேசி, கடைசியில அவங்களே அதை நம்ப ஆரம்பிச்சிடறாங்க.

போனைப் பிடுங்காதீங்க. பிடுங்கினா பக்கத்து வீட்டுப் பையன் போன்ல பார்ப்பான். "வீட்ல யாருக்கும் உங்களைப் புரியாது, எனக்குத்தான் புரியும்"னு அந்த ஆள் சொல்றது உண்மைன்னு ஆயிடும். பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு வீடியோ சேர்ந்து பாருங்க. "இவர் சொல்ற மாதிரி ஆளா உன் ஃப்ரெண்டு?"ன்னு அந்தப் பையன் பெயரைச் சொல்லியே கேளுங்க.

காட்பாடி, கல்லூரி மாணவர்: இது எங்க ஆரம்பிச்சது அண்ணா? கேமர்கேட்னு படிச்சேன், ஒண்ணும் புரியலை.

தம்பி, இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். கேம் ஆடற ஒரு கூட்டம் இணையத்துல பெண்களைத் துரத்தித் துரத்தி மிரட்டின சம்பவத்துக்குத்தான் கேமர்கேட்னு பேர். 2014 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல ஸோயி க்வின்னு ஒரு கேம் டெவலப்பரைப் பத்தி அவரோட முன்னாள் காதலர் நீளமா ஒரு பதிவு எழுதினார். அதை வச்சு, ஒரு கேம் பத்திரிகையாளரோட இருந்த பழக்கத்தால ஸோயிக்கு நல்ல விமர்சனம் கிடைச்சதுன்னு கிளப்பி விட்டாங்க. அந்தப் பத்திரிகையாளர் அவர் கேமுக்கு விமர்சனமே எழுதலை. ஆனா அதுக்குள்ள "பத்திரிகை நேர்மைக்காகப் போராடறோம்"னு ஒரு பெரிய கூட்டமே சேர்ந்திடுச்சு. அந்தக் கூட்டம் அதிகமாத் துரத்தினது பெண்களைத்தான். கேம்கள்ல பெண்களை எப்படிக் காட்டறாங்கன்னு வீடியோ போட்டுக்கிட்டிருந்த அனிதா சார்க்கீசியன் 2014 அக்டோபர்ல யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்துல பேச இருந்தாங்க. பேசினா துப்பாக்கியால சுடுவோம்னு மிரட்டல் வந்தது. அந்த மாநிலச் சட்டப்படி அரங்கத்துக்குள்ள துப்பாக்கி கொண்டு வர்றதைத் தடுக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் அவங்க கூட்டத்தையே ரத்து பண்ணிட்டாங்க.

இது எப்படி அரசியலாச்சுன்னு பாருங்க. இவங்க கோபத்தைச் செய்தியா விற்க முன்வந்தது ப்ரைட்பார்ட்ங்கிற வலதுசாரித் தளம். அதோட தலைவர் ஸ்டீவ் பேனன், அதுக்கு முன்னாடி வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டுக்குள்ள இருக்கிற தங்கத்தை நிஜக் காசுக்கு விற்ற ஒரு ஹாங்காங் கம்பெனியில இருந்தவர். கேம் ஆடற பசங்களோட ஆவேசமும் ஒற்றுமையும் அவருக்கு அப்பவே பழக்கம். 2016 ஆகஸ்ட்ல அவர் டிரம்ப்போட தேர்தல் பிரசாரத் தலைமைக்கே வந்தார். இந்தப் பக்கம் இங்கிலாந்துல கார்ல் பெஞ்சமின்னு ஒருத்தர், கேமர்கேட் நேரத்துல யூடியூப்ல பிரபலமானவர். 2018ல யூகிப்ங்கிற வலதுசாரிக் கட்சியில சேர்ந்து 2019 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல்ல நின்னு தோத்தார்.

அந்தப் பசங்க பாதிப் பேருக்கு அரசியலே தெரியாது. "நம்ம ஆட்டத்தைப் பிடுங்க வர்றாங்க"ன்னு ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு எதிரி யாருன்னு ஒருத்தர் பெயர் சொல்லிக் கொடுத்தார். இன்னைக்கு வரைக்கும் நடக்கிறது இதேதான், எதிரி பெயர் மட்டும் நாட்டுக்கு நாடு மாறுது.

ஆம்பூர், ஒரு ரசிகர்: அப்போ ப்யூடிபையும் நாஜியா? வாய் கூசாமச் சொல்லுவீங்களே.

சொல்ல மாட்டேன். ப்யூடிபை கேமிங் வீடியோவாலேயே உலகம் பூரா பிரபலமான யூடியூபர், அவர் அப்படி இல்ல. ஆனா நடந்ததையும் மறைக்க மாட்டேன். யூத வெறுப்பு வாசகத்தையும் நாஜி அடையாளங்களையும் வச்சு அவர் போட்ட "காமெடி" பத்தி 2017 பிப்ரவரியில வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதினதும், டிஸ்னியோட மேக்கர் ஸ்டூடியோஸ் அவரோட உறவை முறிச்சது. 2019 மார்ச் 15ல நியூஸிலாந்து கிறைஸ்ட்சர்ச் மசூதிகள்ல 51 பேரைக் கொன்னவன், ஃபேஸ்புக்ல லைவ் போட்டுக்கிட்டே, ரசிகர்களோட கோஷத்தையே சொல்லி அவர் சேனலை சப்ஸ்க்ரைப் பண்ணச் சொன்னான். அவர் அதிர்ந்து போனார். அடுத்த மாசமே அந்த சப்ஸ்க்ரைப் கோஷத்தை நிறுத்திடுங்கன்னு ரசிகர்களைக் கேட்டுக்கிட்டார். சிரிப்புக்குன்னு சொல்ற இடத்துல யார் யார் வந்து ஒளிஞ்சுக்கிறாங்கன்னு சொன்னவருக்கே தெரியறதில்லை. அதுதான் என் பயம்.

வாணியம்பாடி: பையன் போனைப் பிடுங்கிடலாமா?

வேண்டாம். முதல் பதிலைப் படிங்க.

ராணிப்பேட்டை, சாஃப்ட்வேர் வேலை: தேவையில்லாம ஆளுங்களைத் திட்டறீங்க. எல்லாம் யாருக்கு எந்த வீடியோவைக் காட்டறதுன்னு முடிவு பண்ற அல்காரிதம் பண்ற வேலை. யூடியூபர்களும் அதுல சிக்கினவங்கதான்.

பாதி ஒத்துக்கிறேன். எத்தனை பேர் க்ளிக் பண்ணாங்கங்கிறதை விட எவ்வளவு நேரம் பார்த்தாங்கங்கிறதுக்கு யூடியூப் 2012ல முக்கியத்துவம் கொடுத்தது. நீள நீளமா வீடியோ போடற கேமிங் சேனல்களுக்கு அது நல்ல காலம். கோபம் ஆளை உட்கார வைக்கும்கிறதும் உண்மை. யூடியூப் வழியா தீவிர வலதுசாரியாகி வெளியே வந்த கேலப் கெயின்ங்கிற இளைஞர் கதையை நியூயார்க் டைம்ஸ் 2019 ஜூன்ல எழுதிச்சு. ஆனா 2018ல ரெபெக்கா லூயிஸ் ஆராய்ச்சி பண்ணிக் காட்டினது வேற. ஒருத்தர் சேனலுக்கு இன்னொருத்தர் விருந்தாளியாப் போறாங்க, அரட்டையில தொடங்கி வெறுப்பு வரைக்கும் பார்வையாளரைக் கை மாத்தி விடறாங்க. அந்த அழைப்பை அல்காரிதம் அனுப்பலை, மனுஷங்கதான் அனுப்பினாங்க. 2023ல சயின்ஸ் அட்வான்சஸ் இதழ்ல வந்த ஆய்வும், தீவிர சேனல்களைப் பார்த்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஏற்கெனவே வெறுப்போட இருந்தவங்க, சேனலை சப்ஸ்க்ரைப் பண்ணி வச்சவங்கன்னுதான் சொல்லுது.

அதே ராணிப்பேட்டை நண்பர்: அந்த ஆய்வோட டேட்டா 2020ல எடுத்தது. 2019 ஜனவரியிலயே யூடியூப் பரிந்துரையை மாத்திட்டேன்னு அறிவிச்சாச்சு. திருந்தினப்புறம் சோதிச்சுட்டு முன்னாடியும் தப்பே இல்லைன்னு சொல்வீங்களா?

நல்ல வாதம் சார். அந்த ஆய்வை வச்சு 2015ஐப் பத்திப் பேச முடியாதுதான். ஆனா நீங்க பேசறது பார்க்கிறவங்களைப் பத்தி. இங்க கேள்வி வீடியோ போடறவங்களைப் பத்தி. அவங்க முன்னாடி சூப்பர் சாட், மெம்பர்ஷிப், கமென்ட்னு பெயரோட மனுஷங்க நிக்கறாங்க. யார் எதுக்குக் காசு தர்றாங்கன்னு நேராவே தெரியுது.

காந்தி நகர், ஓய்வு பெற்ற ஆசிரியை: ரெண்டு பேரும் மெஷினைப் பத்தியே சண்டை போடறீங்க. பேசறவனுக்குச் சொந்த புத்தி இல்லையா?

இருக்கு டீச்சர். நான் சொல்ல வந்ததும் அதுதான். நான் எடிட் பண்ற சேனல்லயே அந்த 40 ரூபாய்க் கேள்வியைப் பார்த்துட்டு, "ப்ரோ, ஆட்டத்தைப் பத்திக் கேளுங்க"ன்னு தாண்டிப் போறவங்க இருக்காங்க. காசு கொஞ்சம் குறையுது, சேனல் நடக்குது.

ராணிப்பேட்டை நண்பர், மறுபடியும்: நடக்காத சேனல் எத்தனை?

அதையும் சொல்றேன். 2020 செப்டம்பர் 2ல பப்ஜி மொபைலைத் தடை பண்ணாங்க. ஒரே ஒரு கேமை நம்பிச் சேனல் வச்சிருந்தவங்களுக்கு ராத்திரியோட ராத்திரியா பிழைப்பு போச்சு. 2021 ஜூலையில பிஜிஎம்ஐங்கிற இந்தியப் பதிப்பா வந்தது, 2022 ஜூலையில மறுபடி காணாமப் போச்சு, 2023 மே மாசம் திரும்பி வந்தது. நடுவுல வாடகை கட்டணும். சிலர் வேற கேமுக்குப் போனாங்க, சிலர் அடுத்தவங்க வீடியோவைப் பார்த்துக் கருத்து சொல்ற ரியாக்ஷன், ஆளைக் கிண்டலடிக்கிற ரோஸ்ட்னு இறங்கினாங்க. ரியாக்ஷன் வீடியோவுக்கு தினம் ஒரு எதிரி வேணும், கேமுக்கு வேண்டியதில்லை. அமெரிக்காவுல ஏடின் ராஸ் போன வழியும் இதுதான். என்பிஏ 2கேங்கிற கூடைப்பந்து கேம் ஆடிக்கிட்டிருந்தவர், பெண்களை இழிவாப் பேசற ஆண்ட்ரூ டேட்டைக் கூட்டி வந்து பேசினார், ட்விட்ச்ங்கிற லைவ் தளம் அவரைத் தடை பண்ணிச்சு, கிக் தளத்துக்கு மாறினார், 2024 ஆகஸ்ட்ல டிரம்ப்பே வந்து பக்கத்துல உட்கார்ந்தார். அதனால அல்காரிதத்தை நான் விடுவிக்கலை சார். பசி இருந்தது, மெஷினும் இருந்தது, அதுக்கு மேல ஒரு ஆள் எடுத்த முடிவும் இருந்தது. மூணாவதை மட்டும் கணக்குல இருந்து எடுக்காதீங்க. இதோட இந்த வாதத்தை முடிச்சுக்கலாம், மத்தவங்க காத்திருக்காங்க.

ஆற்காடு: இடதுசாரி ஸ்ட்ரீமரே கிடையாதா? ஒரு பக்கமாவே எழுதறீங்க.

இருக்காங்க. ஹசன் பைக்கர் பெரிய ஆள். 2019 ஜனவரியில எச்பாம்பர்கைங்கிற யூடியூபர் டாங்கி காங் 64 ஆடியே திருநர் நல அமைப்பு ஒண்ணுக்கு 3,40,000 டாலருக்கு மேல திரட்டினார். 2020 அக்டோபர்ல அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டஸ் அமாங் அஸ் கேம் ஆடினப்போ ஒரே நேரத்துல நாலு லட்சம் பேருக்கு மேல பார்த்தாங்க. கேம் யாரையும் எந்தப் பக்கமும் தள்ளலைங்கிறதுக்கு இதுவே சாட்சி.

பேரணாம்பட்டு: அரசாங்கம் எல்லா கேமையும் தடை பண்ணிட்டா?

பப்ஜியைத் தடை பண்ணினாங்களே, பேச்சு நின்னுச்சா? 2019ல ஜெர்மனியில ஹாலே நகர யூத வழிபாட்டுத் தலத்தைத் தாக்கினவன் ட்விட்ச்ல லைவ் போட்டான். "கேமர்களைக் கண்காணிக்கணும்"னு உள்துறை அமைச்சர் சொன்னதும் பெரிய எதிர்ப்பு வந்தது. கொலைகாரனை விட்டுட்டு விளையாடற கோடிக்கணக்கான பேரைச் சந்தேகப்பட்டா அவங்க யார் பக்கம் போவாங்க?

அணைக்கட்டு: கேம் ஐடி விற்கறேன்னு 6,000 ரூபாய் ஏமாத்திட்டான் அண்ணா.

சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே போன் பண்ணுங்க தம்பி. இங்க எழுதிக்கிட்டிருந்தா நேரம்தான் போகும்.

திருப்பத்தூர், கல்லூரி மாணவி: நான் மைக்கை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஆடறேன். பொண்ணுன்னு தெரிஞ்சா போதும். இதுவும் நீங்க சொல்ற விஷயத்துல சேருமா?

சேரும்மா. முதல்ல இதுதான் வருது. 2021 ஜூன்ல தருமபுரியில ஒரு பப்ஜி யூடியூபரைக் கைது பண்ணாங்களே, பெண்களை ஆபாசமாத் திட்டினதுதானே புகார்? அவருக்கு அரசியல் எதுவும் கிடையாது. ஆனா ஒரு பெண்ணைக் கேவலப்படுத்தறதைக் காசு கொடுத்துக் கேட்டுப் பழகின பசங்க கூட்டம் ஒண்ணு அங்க உருவாச்சு. அந்தக் கூட்டத்துக்கு நாளைக்கு ஒரு மதத்தையோ சாதியையோ கை காட்டறது ரொம்ப சுலபம். நீ மைக்கை ஆஃப் பண்ண வேண்டிய நிலைமையில கூட ஆடற பசங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்கன்னுதான் நான் கேட்பேன்.

வேலப்பாடி: சேனல் பெயர் சொல்லுங்க, ரிப்போர்ட் அடிக்கிறோம்.

முதல்லயே சொல்லிட்டேன். மாட்டேன்.

மேல்விஷாரம், ஒரு அப்பா: என் பையன் பெயரைப் பார்த்தாலே ஸ்குவாட்ல கெட்ட வார்த்தை வருது. "நாட்டை விட்டுப் போ"ங்கறாங்க. அவன் ஐடியில பெயரை மாத்திக்கிட்டான். எங்கிட்ட சொல்லக்கூட இல்லை, நானாப் பார்த்தேன்.

பாய், படிச்சிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியலை. சொந்தப் பெயரை மறைச்சுக்கிட்டு ஒரு குழந்தை விளையாட வேண்டியிருக்குன்னா, இவ்வளவு நேரம் நான் எழுதின அமெரிக்காக் கதை எல்லாத்தையும் விட எனக்கு அதுதான் பெரிசு. திட்டினவன் ஐடியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மேட்ச் முடிஞ்ச கையோட கேமுக்குள்ளேயே ரிப்போர்ட் பண்ணச் சொல்லுங்க. முன்பின் தெரியாதவங்களோட ஆடாம, ஸ்கூல் பசங்க நாலு பேரைச் சேர்த்து ஸ்குவாட் போடச் சொல்லுங்க. அவன்கிட்ட போனைப் பிடுங்காதீங்க, தண்டனை அவனுக்கு இல்லை. பெயரை மறுபடி மாத்தறதா வேண்டாமான்னு அவனே முடிவு பண்ணட்டும். எங்க அப்பா எனக்காகக் கோபப்பட்டார்னு அவனுக்குத் தெரிஞ்சா போதும்.

சேண்பாக்கம்: போனைப் பிடுங்கினா...

வேண்டாம்.

தொரப்பாடி, சின்ன ஸ்ட்ரீமர்: 3,000 சப்ஸ்க்ரைபர் இருக்காங்க அண்ணா. ஒழுங்கா ஆடினா 20 பேர் பார்க்கறாங்க, யாரையாவது கிழிச்சா 400 பேர். என்ன பண்ணட்டும்?

அந்த 400 பேர் உன் ஆட்டத்துக்கு வரலை, அடுத்த வாரம் இன்னொருத்தன் கிழிச்சா அங்க போயிடுவாங்க. லைவ்ல ஸ்லோ மோட் போடு, ஒருத்தனே அடுத்தடுத்து மெசேஜ் கொட்ட முடியாது. உனக்குத் தெரிஞ்ச ஒருத்தரை, முடிஞ்சா ஒரு பொண்ணை, சாட்டைப் பார்த்துக்கிற மாடரேட்டரா வை. யூடியூப் ஸ்டூடியோவுல தடை செய்ற வார்த்தைகள்னு ஒரு கட்டம் இருக்கு. தமிழ்ல மட்டும் போட்டா வேலைக்கு ஆகாது. தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல நம்பர் வச்சு, புள்ளி வச்சு எழுதுவாங்க, எல்லா மாதிரியும் சேர்க்கணும். லாபி நேரத்துல பேசறதுக்கு முன்கூட்டியே நாலு விஷயம் எழுதி வச்சுக்கோ: போன மேட்ச்ல எங்க தப்பு நடந்தது, எந்த கன்னுக்கு எந்த ஸ்கோப்னு. வார்த்தைப் பட்டியல் எங்கிட்ட இருக்கு, மெசேஜ் பண்ணு, அனுப்பறேன். காசு வேண்டாம்.