மோதினால் யாருக்கு அவுட்?

கேள்வி: மென்பந்து கிரிக்கெட் இறுதிப்போட்டி. இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடியவர் பாதிவழியில் பந்துவீச்சாளரோடு மோதி விழுந்தார். அதற்குள் விக்கெட்டைத் தட்டிவிட்டார்கள். நடுவர் ரன் அவுட் கொடுத்தது சரியா? (வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: பந்துவீச்சாளர் வேணுமென்று மறித்தாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் எறிபந்தையே பார்த்துக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தபோது மோதியிருந்தால் அது தற்செயல். ரன் அவுட் செல்லும். எதிரணித் தலைவர் மனம் இரங்கினால், ஆட்டமிழந்தவர் மைதானத்தை விட்டு வெளியேறுமுன் நடுவரின் சம்மதத்தோடு அப்பீலை (அவுட் கேட்டதை) மீளப்பெறலாம்.

ஓடுபவரைக் கண்டபிறகு தோளைக் கொடுத்தார், பாதையில் காலை வைத்தார் என்றால் கதை வேறு. அந்தக் கணமே நடுவர் ‘டெட் போல்’ சொல்லி ஆட்டத்தை நிறுத்தவேண்டும். விக்கெட் விழும்வரை பார்த்திருந்துவிட்டுப் பிறகு யோசிப்பதால்தான் நம் மைதானங்களில் சண்டை வருகிறது. அந்தப் பந்தில் எவரும் ஆட்டமிழக்க முடியாது. தண்டமாக 5 ஓட்டங்கள். ஓடிக்கொண்டிருந்த ஓட்டமும், இருவரும் குறுக்கே கடந்திராவிட்டாலும், சேரும். உங்கள் கணக்கில் 2 + 5 = 7. அந்தப் பந்து ஓவரில் சேராது. அடுத்த பந்தை யார் எதிர்கொள்வது என்பதைத் துடுப்பாட்டக்காரர்களே தீர்மானிக்கலாம்.

வீச்சு முனை நடுவர் கோட்டையே பார்த்து நிற்பதால் நடுவில் நடப்பது தப்பிவிடும். அதைப் பக்கவாட்டில் நிற்கும் ஸ்குயார் லெக் நடுவர் பார்ப்பதென்று நாணயச் சுழற்சிக்கு முன்பே பேசிவையுங்கள். இருவரில் யார் கண்டாலும் தீர்ப்புச் சொல்லலாம்.

கேள்வி: எறிந்த பந்து ஓடுபவரின் முதுகில் பட்டால் அவுட்டா? (வாசகி, காரைதீவு)

பதில்: நேராக ஓடியவர் மேல் பட்டால் இல்லை. திரும்பிப் பந்தைப் பார்த்து, காரணமில்லாமல் தடம் மாறி எறிபாதைக்குள் வந்தால் அவுட். ஆனால் அப்பீல் கேட்கவேண்டும். தடுக்குமுன் ஓடிமுடித்த ஓட்டம் சேரும், விக்கெட் பந்துவீச்சாளர் கணக்கில் ஏறாது. கிடக்கும் பந்தை மரியாதைக்காக எடுத்துக் கொடுப்பதும் ஆபத்து: களத்தடுப்பாளர் சம்மதிக்காவிட்டால் அதற்கும் அவுட்தான். 2021 மார்ச்சில் அன்டிகுவாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 55 ஓட்டங்களோடு நின்ற இலங்கை வீரர் தனுஷ்க குணதிலக, பின்வாங்கும்போது பந்து காலில் பட்டு உருண்டதற்கே வெளியேறினார். வேணுமென்று செய்ததாகத் தெரியவில்லை என்பது நம் கருத்து.

கேள்வி: பேஸ் (தளம்) விட்டு பேஸ் ஓடும் சொஃப்ட்போலிலும் இதே சட்டமா? (மாணவர், கல்லடி)

பதில்: இல்லை. அங்கே எண்ணத்தைப் பார்ப்பதில்லை. கையில் பந்தில்லாமல், அடித்த பந்தைப் பிடிக்கும் முயற்சியிலும் இல்லாமல், வழியில் நின்று ஓடுபவரைத் தடுத்தாலே குற்றம். நடுவர் இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டுவார், ஆட்டம் நிற்காது. முடிந்தபின், தடை இல்லாவிட்டால் எந்த பேஸை எட்டியிருப்பாரோ அதைக் கொடுப்பார். மாறாக, அடித்த பந்தை எடுக்கப்போகும் களத்தடுப்பாளரோடு ஓடுபவர் மோதினால், தற்செயலானாலும், அவர் அவுட்.