லெவல் 7-ஐ எப்போது போட வேண்டும்?

தம்பி, ஆகஸ்டில் மதுரையிலிருந்து அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகருக்கு வந்ததாகவும், கார் இல்லை, வகுப்புக்குப் பஸ்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ராணுவத்தில் மிஞ்சிய உடைகளை விற்கும் சர்ப்ளஸ் கடையில் எம்-65, என்-3பி, லெவல் 7 என்று மூன்று ஜாக்கெட் பார்த்தீர்களாம். எதை வாங்கலாம், அது ஒன்றே குளிர்காலம் முழுக்கப் போதுமா என்பது கேள்வி.

லெவல் 7 வாங்குங்கள். ஆனால் அது ஒன்றே போதாது. கடைக்காரர் இந்த இரண்டாவது விஷயத்தைச் சொல்ல மாட்டார்.

அமெரிக்க ராணுவத்தின் மூன்றாம் தலைமுறைக் குளிர் உடையில் ஏழு அடுக்குகள் உண்டு. முதலாவதும் இரண்டாவதும் உடம்போடு ஒட்டிய உள்ளாடை, மூன்றாவது ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை, நான்காவது மெல்லிய காற்றுத் தடுப்பு, ஐந்தாவது அதைவிடக் கொஞ்சம் கனமான வெளிச்சட்டை, ஆறாவது மழைக்கு, ஏழாவதுதான் லெவல் 7, பஞ்சடைத்த பெரிய பார்க்கா, அதாவது தொப்பி வைத்த குளிர்கோட்டு. ஏழு என்றால் ஏழு மடங்கு சூடு என்று சிலர் நினைக்கிறார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வருவது என்றுதான் பொருள். நடக்கும்போது சிப்பாய் அதைப் போடுவதில்லை, பையில் சுருட்டி வைத்திருப்பார். நின்ற உடனே, உடம்புச் சூடு இறங்குவதற்குள், எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே மாட்டிக்கொள்வார். அந்தத் தொளதொளப்புக்குக் காரணம் இதுதான். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் நீங்களும் அந்த நேரத்துக்குக் காவலுக்கு நிற்கும் சிப்பாய் மாதிரிதான்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் குளிர்காலத்தில் ஒரு சர்ப்ளஸ் கடையில் இலை தழை அச்சடித்த, கோர்-டெக்ஸ் என்ற நீர் புகாத துணியில் தைத்த பார்க்கா ஒன்றை வாங்கினேன், 1980களில் வந்த முதல் தலைமுறை மாடல். பார்க்கக் கூடாரம் மாதிரி இருக்கும். 'ஆர்மி பார்க்கா, மைனஸ் முப்பது தாங்கும்' என்று விற்றவர் சொன்னார். உள்ளே ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டர் ஒன்றுதான். கால் மணி நேரத்தில் பல் கிட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஒரு இழை பஞ்சுகூட இல்லை! அது ஒரு நல்ல மழைக்கோட்டு, அவ்வளவுதான். காற்றையும் ஈரத்தையும் நிறுத்தும். சூட்டைப் பிடித்து வைக்கும் வேலையை உள்ளே இருப்பவைதான் செய்ய வேண்டும்.

சரி, நீங்கள் பார்த்த மூன்றுக்கு வருவோம். எம்-65 அழகான ஜாக்கெட். 1965-இல் வந்தது, நான்கு பாக்கெட், காலருக்குள் சுருட்டிய தொப்பி. துணி பருத்தியும் நைலானும் கலந்தது, நனைந்தால் காய நேரம் எடுக்கும். சூடு வருவது உள்ளே பொத்தான் போட்டு மாட்டும் தைத்த லைனரால்தான். சர்ப்ளஸ் கடைகளில் பாதிக்கு லைனர் இருக்காது, வெறும் பொத்தான்கள் மட்டும் தொங்கும். அக்டோபருக்குப் போடுங்கள், ஜனவரிக்கு வேண்டாம். என்-3பி விமானப்படையினர் கடுங்குளிரில் போட்ட மாடல். தொப்பியை முழுக்க மூடினால் முகத்துக்கு முன்னால் குழாய் மாதிரி நீண்டு, மூச்சுக்காற்று அங்கேயே கதகதப்பாக நிற்கும். காற்று முகத்தில் அறைகிற நாளில் அதற்கு ஈடில்லை. ஆனால் கனம் அதிகம், பக்கவாட்டில் பஸ் வருகிறதா என்று பார்க்க உடம்பையே திருப்ப வேண்டும், வகுப்பில் கழற்றினால் பக்கத்து நாற்காலி அதற்குத்தான்.

லெவல் 7 இரண்டையும்விட லேசு. உள்ளே ப்ரைமாலாஃப்ட் என்ற செயற்கைப் பஞ்சு. வாத்துத் தூவி நனைந்தால் கட்டி கட்டியாகிச் சூட்டை விட்டுவிடும் என்பதால், அதற்கு மாற்றாக 1980களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கியது இது. காய்ந்த குளிரில், ஒரே எடைக்கு, தூவி அடைத்த நல்ல ஜாக்கெட்தான் இன்றும் அதிகச் சூடு தரும், அதை மறுக்கவில்லை. ஆனால் இங்கே மார்ச்சில் பனி உருகிச் சேறாகி மழையும் சேரும். அப்போது தூவியைவிட இதுதான் நிம்மதி. வீட்டு மெஷினிலேயே துவைக்கலாம். துணியை மென்மையாக்கும் திரவம் மட்டும் ஊற்றாதீர்கள், ட்ரையரைக் குறைந்த சூட்டில் வையுங்கள்.

பழையது வாங்கினால் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். திட்டுத் திட்டாக வெளிச்சம் தெரிந்தால் பஞ்சு செத்துவிட்டது. பல வருடம் பையில் அமுக்கி வைத்ததெல்லாம் இப்படித்தான் ஆகும். கையால் ஒரு இடத்தைக் கசக்கி விட்டுப் பாருங்கள், உடனே உப்பி எழ வேண்டும். உள்ளே லேபிளில் 8415 என்று தொடங்கும் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண் இல்லாமல் 'ஆர்மி மாடல்' என்று விற்பது பெரும்பாலும் நகல்தான்.

அதைப் போட்டுக்கொண்டு வேலை மட்டும் செய்யாதீர்கள். நான் ஒருமுறை லெவல் 7-ஓடு வாசல் பனியை அள்ளினேன். பத்து நிமிடத்தில் முதுகெல்லாம் வியர்வை. மண்வாரியை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மாவோடு பேசிக்கொண்டு நின்றபோது அந்த வியர்வை ஐஸ்தண்ணீராக மாறியது. ராணுவத்தில் இதற்கு நான்கு விதி சொல்லிக்கொடுப்பார்கள்: துணி சுத்தமாக இருக்க வேண்டும், வியர்க்க விடக் கூடாது, அடுக்கடுக்காகத் தளர்வாகப் போட வேண்டும், உலர்ந்தே இருக்க வேண்டும். இரண்டாவதைத்தான் நம்மவர்கள் எல்லோரும் மீறுகிறோம். குளிர் என்றால் இருப்பதை எல்லாம் போட்டுக்கொள்வதுதானே நம் பழக்கம்!

ஸ்டாப்புக்கு வேகமாக நடக்கும்போது லெவல் 7 தோளில் கிடக்கட்டும், உள்ளே இரண்டாம் அடுக்கும் ஃப்ளீஸும் மேலே ஒரு காற்றுத் தடுப்பும் போதும். ஃப்ளீஸை மட்டும் வெளியே போட்டால் காற்று சல்லடை மாதிரி உள்ளே போய்விடும். நின்றதும் பார்க்காவை மாட்டுங்கள். பல ஸ்டாப்புகளில் பொத்தான் அழுத்தினால் எரியும் ஹீட்டர் இருக்கும், அதன் கீழே நில்லுங்கள். பஸ்ஸிலும், டவுன்டவுனில் கட்டடங்களை இணைக்கும் மூடிய மேம்பாலமான ஸ்கைவேயிலும் ஏறியதும் ஜிப்பைத் திறந்துவிடுங்கள்.

கால்களை மறக்காதீர்கள். ஜீன்ஸ் பருத்தி, அதற்குள் ஒரு உள்ளாடை கட்டாயம். 2019 ஜனவரி 30 அன்று இங்கே மைனஸ் 33 டிகிரி செல்சியஸ், தபால்காரர்களே வெளியே வரவில்லை. லெவல் 7-க்குப் பேன்ட்டும் உண்டு, இரண்டு பக்கமும் முழுநீள ஜிப் இருப்பதால் ஷூ கழற்றாமலே மாட்டலாம். அப்படிப்பட்ட நாளில் வெளியே போயே ஆக வேண்டுமென்றால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.

அளவு பார்க்கும்போது ஃப்ளீஸைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள். உங்கள் வழக்கமான அளவு தொளதொளவென்று இருந்தால் சின்னது கேட்காதீர்கள்.